காலி டப்பாவும் தையல் சாமானும்: கேள்வி பதில்

வீட்டில் காலியாகும் டப்பா, பாட்டில், டின் எதையெல்லாம் தையலுக்கும் குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எந்தக் காலி டப்பாவையும் தூக்கிப் போட மனசு வரவில்லை. அலமாரி நிறைந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

டப்பாவை விடுங்கள், சாமானில் ஆரம்பியுங்கள். ஒரு போர்வையை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். தினமும் கை போகிறவை ஒரு குவியல், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் எடுப்பவை இன்னொன்று, எப்போதாவது தேவைப்படுபவை மூன்றாவது. குவியலைப் பார்த்த பிறகுதான் எந்த அளவு டப்பா எத்தனை வேண்டும் என்பது தெரியும். மூடி இல்லாதவை, விரிசல் விட்டவை எல்லாம் வெளியே போகட்டும். விதவிதமான பத்து டப்பாவைவிட ஒரே மாதிரி நாலு டப்பா மேல். ஒன்றன்மேல் ஒன்று ஆடாமல் உட்காரும்.

கேள்வி: நூல் ரீல்களை நிறவாரியாகக் கண்ணாடி பாட்டில்களில் போட்டு ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கிறது. நூலுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், நூலும் வலுவிழக்கும். பருத்தி நூலில் இது சீக்கிரமே தெரியும். கண்ணாடி தூசியைத்தான் தடுக்கும், வெளிச்சத்தைத் தடுக்காது. அதே பாட்டில்களைக் கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள், போதும்.

இதுவரை வெயிலில் இருந்த ரீல்களை ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒரு முழம் நூலை இரண்டு கையிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். நல்ல நூல் கையை அறுக்கிற மாதிரி எதிர்த்து நிற்கும், அப்புறம்தான் அறும். கெட்டுப்போனது சத்தமே இல்லாமல் பிரிந்து வரும். மேல் சுற்று மட்டும் கெட்டிருக்கலாம் என்பதால், சில மீட்டர் உருவி எறிந்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே வந்தால் அந்த ரீலை டாக்கா (பிறகு பிரித்தெடுக்கும் தற்காலிகத் தையல்) போட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பாபின்களை (மெஷினின் கீழ் நூல் சுற்றும் சின்ன உருளைகள்) ஒரு டப்பாவில் போட்டால் நூலெல்லாம் சிக்கிக்கொள்கிறது. வழி உண்டா?

தண்ணீரில் கரையும் மாத்திரைகள் வரும் நீளக் குழாய் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டு மெஷின்களில் பரவலாகப் பயன்படும் பாபின்களின் விட்டம் சுமார் 20 மி.மீ. அந்தக் குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிவிடும், நூல் நுனி அலைய இடம் இருக்காது. அதன் மூடிக்குள் ஈரம் உறிஞ்சும் பொருளும் இருக்கும். கொஞ்ச காலத்துக்கு அதுவும் உதவும். உள்ளே தெரியாது என்பது ஒன்றுதான் குறை, அதனால் அதே நூலில் ஒரு துண்டை வெளியே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

இரண்டு மெஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பாபினில் கிளாஸ் 15, எல் என்று இரண்டு வகை உண்டு, இரண்டும் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்று. உயரம்தான் வேறு: முதலாவது சுமார் 11.7 மி.மீ., இரண்டாவது சுமார் 8.9 மி.மீ. பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தெரியாது. மாற்றிப் போட்டால் கீழ் நூல் கோளாறு செய்யும். கட்டாயம் தனித்தனிக் குழாய் வையுங்கள்.

கேள்வி: பிஸ்கட் டின்னில் வைத்த ஊசிகள் துருப்பிடிக்கின்றன. டின்தான் காரணமா?

ஈரம்தான் காரணம். ஆனால் உள்பக்கம் கீறல் விழுந்த டின் தானும் துருப்பிடித்து, ஊசியையும் கெடுக்கும். புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு, டின்னுக்குள் துணி விரியுங்கள். விரல் வியர்வையில் உள்ள உப்பும் துருவுக்கு வழி செய்யும் என்பதால் ஊசியைத் துடைத்து வைப்பது நல்லது.

ஊசி குத்தி வைக்க ஸ்பாஞ்சுத் துண்டு வேண்டாம். நாளானால் அது பிசுபிசுத்து, பொடியாக உதிர்ந்து ஊசியில் ஒட்டும். கம்பளித் துணி நல்லது. மெஷின் ஊசியை அது வந்த சின்னப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். அதில்தான் அளவு தெளிவாக இருக்கும். 90/14 என்றால் ஊசித் தண்டின் கனம் 0.9 மி.மீ. கலந்துவிட்டால் வெறும் கண்ணால் 80-ஐயும் 90-ஐயும் பிரிப்பது சிரமம்.

கேள்வி: ஒடிந்த ஊசி, தேய்ந்த ரோட்டரி கட்டர் (துணியை உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) பிளேடு இவற்றை எப்படி அப்புறப்படுத்துவது?

கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போதும். 45 மி.மீ. பிளேடு என்றால் அகல மூடி வேண்டும். நிறைந்ததும் மூடியையும் கீறலையும் டேப்பால் இறுக ஒட்டி, மேலே 'கூர்மையானது' என்று எழுதி அப்புறப்படுத்துங்கள். குப்பைப் பையில் வெறுமனே போடாதீர்கள். அதைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார்.

கேள்வி: முட்டை அட்டையில் பட்டன் வைக்கலாமா?

காகித அட்டை வேண்டாம். முட்டை ஓட்டில் உள்ள கிருமி அதில் இருக்கலாம், கழுவவும் முடியாது. பிளாஸ்டிக் என்றால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மேடம், குவில்ட்டுக்காகச் சேர்த்த துண்டுத் துணி மூன்று பை இருக்கிறது. எந்த டப்பாவில் போட்டாலும் குப்பையாகத்தான் தெரிகிறது.

வெட்டாமல் போட்டால் எதில் போட்டாலும் அப்படித்தான் இருக்கும். முதலில் அளவு முடிவாகட்டும், பிறகு டப்பா. நான் வைத்துக்கொண்டிருப்பவை இரண்டே சதுரம்: 2½ இன்ச், 4½ இன்ச். ஓரத்தில் கால் இன்ச் விட்டுத் தைத்து, நாலு 2½ சதுரங்களை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்தால் கிடைப்பது சரியாக 4½ இன்ச். ஆக, சின்ன டப்பாவில் இருப்பது பெரிய டப்பாவில் இருப்பதோடு எப்போதும் பொருந்தும். சதுரத்துக்குத் தேறாத நீளத் துண்டுகளை 1½ இன்ச் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் சின்னதை நான் சேர்ப்பதில்லை.

ஐஸ்கிரீம் டப்பாவை எடுக்கும்போது அடிப்பக்கத்தை அளந்து பாருங்கள். வாய் அகன்று அடி குறுகும் டப்பாவில் துணி ஓரம் மடங்கிவிடும். சதுரங்களைப் படுக்க வைத்து அடுக்காமல், அலுவலகக் கோப்புகள் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். மேல்விளிம்பை விரலால் தள்ளிக்கொண்டே போனால் எல்லா நிறமும் கண்ணில் படும். படுக்க வைத்தால் அடியில் உள்ள நல்ல துணி பல மாதம் வெளிச்சத்தையே பார்க்காது.

பாதியில் நிற்கும் வேலைக்குச் சட்டை வரும் தட்டையான அட்டைப்பெட்டி ஏற்றது. ஒரு பெட்டிக்கு ஒரு வேலைதான். தைத்த பிளாக் (துண்டுகளை இணைத்துத் தைத்த குவில்ட் பகுதி), வெட்டிய துணி, அதே நூல், கூடவே ஊசி அளவும் தையல் நீளமும் எழுதிய ஒரு சீட்டு. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேள்வி: அட்டைப்பெட்டியில் வைத்த வெள்ளைத் துணி மடிப்பில் மஞ்சளாகிவிட்டது. பிளாஸ்டிக்கே நல்லதா?

சாதாரண அட்டையில் உள்ள அமிலம் மெல்ல மெல்லத் துணிக்கு இறங்கும், அதனால்தான் அந்த மஞ்சள். துவைத்த பழைய பருத்தித் துணியை உள்ளே விரித்து, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் குறையும். பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1, 2, 5 நம்பிக்கையானவை. 3 என்பது பி.வி.சி. நீண்ட நாள் துணி வைக்க அது வேண்டாம். தைத்து முடித்த குவில்ட்டைக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் எதிலும் வைக்க வேண்டாம், பருத்தித் தலையணை உறை போதும்.

கேள்வி: எவ்வளவு கழுவினாலும் டப்பாவில் பழைய வாசம் போகவில்லை.

சமையல் சோடாவை உள்ளே தூவி ஒரு இரவு மூடி வைத்துக் கழுவுங்கள். மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றித் தனியே கழுவுங்கள், வாசம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படியும் போகவில்லையா, அதில் கத்தரிக்கோல், இன்ச் டேப் வையுங்கள். துணி வாசத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: எலாஸ்டிக்கையும் ஜிப்பையும் எப்படி வைப்பது?

எலாஸ்டிக்கை இழுக்காமல், தளர்வாக அட்டையில் சுற்றி, சூடும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் வையுங்கள். ஜிப்புகளை மூடி, இழுக்கும் நாக்கின் துளை வழியே ஒரு சாவி வளையத்தில் கோத்துவிடுங்கள். டப்பாவே வேண்டாம்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது, விரல் மூட்டிலும் வலி. தையலை விட மாட்டேன் என்கிறார். அவருக்கு எப்படி அடுக்கிக் கொடுப்பது?

விடவே வேண்டாம், தம்பி. அழுத்தித் திருகும் மூடி, இறுக்கமான டின் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். விரல் நுனியால் தூக்கினாலே வரும் மூடியாக இருக்கட்டும். ஆழமில்லாத டப்பாவாகப் பாருங்கள். குண்டூசி டப்பாவுக்குள் கறுப்புத் துணி விரித்தால் ஊசி பளிச்சென்று தெரியும். பெயர் எழுதுவதைவிட, உள்ளே இருக்கும் பட்டனையோ ஹூக்கையோ ஒன்றை எடுத்து டப்பாவின் பக்கவாட்டில் தைத்தோ ஒட்டியோ வையுங்கள், தடவிப் பார்த்தே எடுத்துவிடுவார். மூடியில் ஒட்டாதீர்கள், மூடி மாறிப்போகும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஊசி டப்பாவை மட்டும் வேலை முடிந்ததும் நீங்கள் எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.