மூல நிரலைத் தர வேண்டுமா?

கேள்வி: ரப்பர் ஷீட் கொள்முதல் கடைகளுக்கான கணக்கு மென்பொருளை எழுதி விற்று வருகிறேன். அதில் ஜிபிஎல், எம்ஐடி ஆகிய திறமூல உரிமங்களில் கிடைத்த, பிறர் எழுதிய நிரல்களையும் சேர்த்துள்ளேன். என் மூல நிரலை (சோர்ஸ் கோடு) மறைத்து வைக்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: விலைக்கு விற்பதை இவ்விரு உரிமங்களும் தடுப்பதில்லை, பலர் தவறாக அஞ்சுவது அதற்குத்தான். எம்ஐடி பகுதியில் சிக்கல் குறைவு: பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் உடன் அளித்தால் போதும்.

ஜிபிஎல் அப்படியன்று. அந்த நிரலை உங்கள் நிரலோடு பிணைத்து ஒரே மென்பொருளாக்கிக் குழித்துறையிலுள்ள ஒரு கடைக்காரருக்குக் கொடுத்தால், முழு மென்பொருளும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்துவிடும் என்பதே அவ்வுரிமத்தை வெளியிட்ட ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் நிலைப்பாடு. அப்போது மூல நிரலைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதைப் பிறருக்குக் கொடுக்கவும் அவரைத் தடுக்க முடியாது. உங்கள் அலுவலகக் கணினியில் மட்டும் ஓடும்வரை இந்தக் கடமை எழாது.

தனித்தனியே இயங்கும் இரு மென்பொருள்களை ஒரே பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது இப்படிப் பிணைப்பதாகாது. ஜிபிஎல் நிரலுக்குப் பதிலாக, அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும் நிரலகத்துக்கு (லைப்ரரி) மாறுவதும் ஒரு வழி. ஆனால் அதைத் தனி டிஎல்எல் கோப்பாக (மென்பொருள் ஓடும்போது வந்து இணையும் கோப்பு) வைத்து, வாங்கியவர் விரும்பினால் மாற்றிக்கொள்ள இடம்தர வேண்டும்.

உரிமத்தின் பதிப்பு எண்ணையும் பாருங்கள். 1991-இல் வந்த ஜிபிஎல் 2-ஐ மட்டும் ஏற்ற நிரலுடன் அப்பாச்சி 2.0 என்ற மற்றொரு திறமூல உரிமத்தில் வந்த நிரல் உரிமப்படி சேராது; 2007-இல் வந்த ஜிபிஎல் 3-உடன் சேரும்.