எழுத்துக்கு முன் ஓலைப் பின்னல் ஏன்?

எழுதப் பழக்காமல் முன்பள்ளியில் ஏன் பின்னவும் பிசையவும் விடுகிறார்கள்? நுண்தசைத் திறனுக்காக. அதாவது, கண் பார்ப்பதற்கு ஏற்ப விரல்களைச் சின்னச் சின்னதாக அசைக்கும் பழக்கம்.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள். நான்கு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்புதான். பென்சில் பிடித்தால் கை சீக்கிரம் களைத்துவிடும். புட்டு மாவின் பதம் குழைத்துக் குழைத்துத்தானே கைக்குப் பிடிபடுகிறது? விரல் பழக்கமும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் பனை இருக்க வேறென்ன வேண்டும்! வெள்ளைக் குருத்தோலையில் நாலு கீலம் (ஒடுக்கமாகக் கிழித்த நீளத் துண்டு), சாயம் போட்டதில் நாலு. ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே. நாக்கை நீட்டிக்கொண்டு பிள்ளை கீலத்தை இழுத்து இறுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். அப்புறம் அடுத்தது மேலா கீழா என்று தானே ஊகிக்கும். கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பாய் நேராக வந்தால்தான் பிள்ளை கற்றது என்று பலர் நினைத்து, வாங்கித் திருத்துகிறார்கள். அப்போது பிள்ளையின் விரலுக்குரிய வேலையை நாம் செய்துவிடுகிறோம்.