வாரம் ஒரு லினக்ஸ் மாற்றும் பையனின் அம்மாவுக்கு

அம்மா, குடியாத்தத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். "மூணு மாசத்துல ஏழு தடவை லேப்டாப்பை அழிச்சுட்டு வேற எதையோ போடுறான், உருப்படுவானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உருப்படுவான்.

உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச், இப்போது ஃப்ரீபிஎஸ்டி. எல்லாமே விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்கள், முதல் நாலும் லினக்ஸின் வகைகள். பட்டுப்புடவைக் கடையில் அத்தனையையும் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து வருகிற மாதிரிதான் உங்களுக்குத் தெரியும், ஆனால் உபுண்டுவும் மின்ட்டும் நாலு கிளிக்கில் ஏறிவிடும், ஆர்ச்சிலோ வழக்கமான முறையில் போட்டால் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது முதல் கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கிற பூட்லோடர் போடுவது வரை ஒவ்வொன்றையும் கட்டளை தட்டித்தான் செய்ய வேண்டும், அப்புறம் ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸே கிடையாது, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தை வைத்துச் செய்த வேலையின் வாரிசு அது. நெட்ஃபிளிக்ஸ் நமக்குப் படம் அனுப்புகிற சர்வர்கள் அதில்தான் ஓடுகின்றன. அதுவரை போனவன் சும்மா பொழுதுபோக்கவில்லை.

ஆனால் இன்டர்வியூவில் "எனக்கு ஆர்ச் பிடிக்கும்" என்றால் யாரும் வேலை தரமாட்டார்கள். சர்வர் பூட் ஆகவில்லை, என்ன செய்வாய்? டிஸ்க் நிறைந்துவிட்டது, முதலில் எங்கே பார்ப்பாய்? இப்படித்தான் கேட்பார்கள். ஏழு தடவை உடைத்தவனிடம் பதில் இருக்கும், அது நினைவில் நின்றிருந்தால். அதனால் ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன உடைந்தது, திரையில் என்ன வந்தது, எந்தக் கட்டளையில் சரியானது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதட்டும்.

ஃப்ரீபிஎஸ்டியை விடச் சொல்லாதீர்கள். ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ போய் உட்காருகிற வேலைகளில் நான் பார்த்தவரை உபுண்டு அல்லது ரெட் ஹேட் என்ற கம்பெனியின் லினக்ஸ் வகைதான் அதிகம். ஃபெடோரா ரெட் ஹேட் குடும்பம்தான், அதே வழியில் அல்மாலினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் மூன்று மாதம் அசையாமல் இருக்கட்டும். ஆர்எச்சிஎஸ்ஏ என்று ரெட் ஹேட் நடத்துகிற ஒரு தேர்வு உண்டு, டிக் அடிக்கிற கேள்வித்தாள் இல்லை, கொடுத்த மெஷினில் வேலையை முடித்துக் காட்ட வேண்டும். கட்டணம் ஆயிரக்கணக்கில். இப்போதே கட்டிவிடாதீர்கள், படிப்பின் கடைசி வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றதையெல்லாம் விர்ச்சுவல்பாக்ஸுக்குள், அதாவது லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடுகிற மென்பொருளுக்குள், போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உடைந்தாலும் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் இப்படி மாற்றிக்கொண்டிருந்தவன்தான். ஒரு ராத்திரி எஸ்டிஏவா எஸ்டிபியா, அதாவது எந்த டிஸ்க் என்று பார்க்காமல் என்டரைத் தட்டி, சிரசுத் திருவிழாவில் எடுத்த குடும்பப் படங்கள் மொத்தத்தையும் அழித்தேன். அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அதனால் வீட்டுப் படங்களை இன்றைக்கே ஒரு பென் டிரைவில் எடுத்து உங்கள் பீரோவில் வையுங்கள், அவன் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்த மாதம் காட்பாடிப் பக்கம் வந்தால் தம்பியையும் கூட்டிவாருங்கள். நோட்டு மறக்க வேண்டாம்.