ஆள்சேர்ப்பில் பாலினப் பாகுபாடு: வாசகர் கேள்விகளுக்குச் சட்ட விளக்கம்

கேள்வி: தனியார் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பணிக்கு விண்ணப்பித்தேன். இரவு ஷிப்ட் இருப்பதால் பெண்களை எடுப்பதில்லை என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. இது சரியா?

பதில்: சரியல்ல. ஆலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்வதைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-ஆம் பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆள் எடுக்கும்போது பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் இருந்த தடையே இதில் தொடர்கிறது. மின்னஞ்சலின் நகலை இணைத்துத் தொழிலாளர் துறையில் எழுத்து மூலம் புகார் அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். முதல் முறை மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 20,000 ரூபாய்தான். கைநழுவிய வேலையைப் பெற்றுத் தரும் வழி அந்தப் பிரிவில் சொல்லப்படவில்லை என்பதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன். ஆனாலும், தண்டிக்கப்பட்ட நிறுவனம் 5 ஆண்டுகளுக்குள் மீண்டும் மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு என்பதால், புகாரைப் பதிவு செய்வது வீணாகாது.

கேள்வி: நேர்காணலில் "திருமணம் எப்போது, குழந்தை எப்போது" என்றே கேட்டார்கள். பிறகு நிராகரித்தார்கள். என்னிடம் ஆதாரம் இல்லை.

பதில்: ஆதாரத்தை இன்றே உருவாக்கத் தொடங்கலாம். கேட்ட கேள்விகள், கேட்டவரின் பதவி, நேரம், உடன் இருந்தவர்கள் ஆகியவற்றை நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். விளம்பரத்தையும் அழைப்புக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். நிராகரிப்புக்கான காரணத்தை மின்னஞ்சலில் பணிவாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டதே ஒரு பதிவு. மாதவிடாய், கருவுறுதல் பற்றிய கேள்விகளை விண்ணப்பதாரரின் உறுதிமொழிப் படிவத்தில் வைத்திருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகத்திடம், அவற்றை நீக்குவது நல்லது என்று நீரா மாத்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறியது. அது பொதுத்துறை நிறுவனம். தனியார் துறையில் அரசியல் சாசன உரிமையை அவ்வளவு நேரடியாகக் கோர முடியாது என்பதால்தான் உங்கள் குறிப்புகளுக்கு இத்தனை மதிப்பு. மாநில மகளிர் ஆணையத்திலும் முறையிடலாம். ஆணையம் விசாரித்துப் பரிந்துரைக்கும், வேலை தரச் சொல்லி உத்தரவிடாது.

கேள்வி: அரசுப் பணித் தேர்வில் என்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஆண் தேர்வானார் என ஐயப்படுகிறேன்.

பதில்: முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மதிப்பெண், இட ஒதுக்கீட்டுச் சுழற்சி (எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்ற வரிசை) விவரங்களைக் கேளுங்கள், பொதுவாக 30 நாட்களில் பதில் தர வேண்டும். இட ஒதுக்கீட்டினாலேயே அந்த வேறுபாடு எழுந்திருக்கலாம் என்பதையும் சரிபாருங்கள். பாகுபாடு தெரிந்தால், அரசுப் பணியில் சம வாய்ப்பை உறுதி செய்யும் அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவை முன்வைத்து உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) தாக்கல் செய்யலாம். நியமனங்கள் முடியும்வரை காத்திருக்காதீர்கள். திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வில் 2015-இல் வென்றதும் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழியாகத்தான்.

கேள்வி: வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை.

பதில்: வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.