வேலையை விட வேண்டாம், விடுப்பு எடுக்கட்டும்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து வருடம் கட்டடக்கலை படித்துவிட்டு நல்ல வேலையில் இருக்கும் மகள், அமெரிக்காவில் ஏதோ ஒரு காட்டுக்குள் தங்கி எழுதப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. "இது படிப்பா, வேலையா? முடித்தால் சான்றிதழ் தருவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே இல்லை. ரெசிடென்சி என்றால், ஏற்கெனவே எதையோ எழுதிக்கொண்டோ வரைந்துகொண்டோ இருப்பவருக்கு ஓர் அறையும் சாப்பாடும் சில வாரங்களும் கொடுத்து, அதைத் தொடர விடுவது. வகுப்பும் கிடையாது, பரீட்சையும் கிடையாது.

அவள் விண்ணப்பிக்க நினைக்கும் மெக்டவல், இந்த வகையில் மிகப் பழைய இடங்களில் ஒன்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற சிற்றூரில், இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் பியானோ கலைஞரான அவர் மனைவி மரியனும் 1907-ல் தொடங்கியது. அடுத்த வருடமே கணவர் இறந்துவிட்டார். அந்த அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துப் பணம் திரட்டி, பல பத்தாண்டுகள் அதை வளர்த்தெடுத்தார். மரங்களுக்கு நடுவே தனித்தனிக் குடில்கள். மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில் கொண்டுவந்து, எழுதுகிறவரைத் தொந்தரவு செய்யாமல் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே தங்கியவர்கள் குடிலில் இருக்கும் மரப்பலகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது வழக்கம். சான்றிதழ் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அதுதான்.

உங்கள் மகளுக்கு இது ஏன் பொருந்தும் என்று நினைக்கிறேன் தெரியுமா? அங்கே இலக்கியம், இசை, நாடகம், திரைப்படம், ஓவியம்-சிற்பம் எல்லாவற்றோடும் கட்டடக்கலையும் ஒரு துறை. பல கலைகளைக் கலந்து செய்பவர்களுக்கும் தனியாக ஒரு பிரிவு உண்டு. ஆக மொத்தம் ஏழு. பகலெல்லாம் தனியாக இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருகிறார்கள். பாட்டி வீட்டுத் திண்ணையையும் முற்றத்தையும் வரைபடத்தோடு எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, ஓர் இசையமைப்பாளரும் ஒரு திரைப்பட இயக்குநரும் கேட்கும் கேள்விகள் அவள் அலுவலகத்தில் கிடைக்காது. படித்த படிப்பை அவள் தூக்கிப் போடுகிறாள் என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

பணம் பற்றி. விண்ணப்பக் கட்டணம் 30 டாலர். தேர்வானால் தங்குவதும் சாப்பாடும் இலவசம், அதிகபட்சம் ஆறு வாரம். வசதி குறைந்தவர்களுக்குப் பயணச் செலவுக்கும் உதவி உண்டு, ஆனால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எங்காவது "தேர்வாகிவிட்டீர்கள், தங்குவதற்கு இரண்டு லட்சம் கட்டுங்கள்" என்று கடிதம் வந்தால் முதலில் என்னிடம் காட்டுங்கள்.

இடம் கிடைப்பது மிகக் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 பேரைத்தான் எடுக்கிறார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இப்படி ஓர் இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிய வாரமே வேலையை விட்டுவிட்டான். இல்லை என்று பதில் வந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை அவன் ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் விண்ணப்பிக்கட்டும், ஆனால் ராஜினாமா வேண்டாம் என்கிறேன். ஆறு வாரச் சம்பளமில்லா விடுப்பு தருவார்களா என்று அவள் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைக்கட்டும்.

ஒரே இடத்தை நம்பியும் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1967-ல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு 1973-ல் நம் அசோகமித்திரன் போய்வந்தார். அவ்வளவு பெயர்பெற்ற திட்டத்துக்கே 2025-ல் அமெரிக்க அரசு நிதியை நிறுத்திவிட்டது. நம் பக்கத்தில் 2008-ல் தொடங்கிய சங்கம் ஹவுஸ் என்ற எழுத்தாளர் ரெசிடென்சி, இந்திய மொழிகளில் எழுதுகிறவர்களுக்கும் இடம் தந்தது. முதலில் நடந்தது புதுச்சேரிக்கு அருகேதான். இப்போது எது திறந்திருக்கிறது, யார் செலவை ஏற்கிறார்கள் என்று அவள் ஒவ்வொன்றாக விசாரிக்கட்டும்.

அப்புறம், தேர்வுக்குழு பார்ப்பது மாதிரிப் பக்கங்களைத்தான். மதிப்பெண்ணையோ வேலை அனுபவத்தையோ வைத்து எடுப்பதில்லை. அவள் தமிழில் எழுதுவதால் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கு மூன்று மாதமாவது ஒதுக்க வேண்டும். ஒரு துறையில்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், எழுத்து வலுவா வரைபடம் வலுவா என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். இந்த வாரம் அந்தப் பக்கங்களை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு எனக்கு அனுப்பட்டும். அந்த 30 டாலரை அதன் பிறகு கட்டலாம்.