தீர்மானப் புத்தகத்தில் இடம் விடாதீர்கள்: ஊராட்சி பற்றிய கேள்வி பதில்

காங்கேயத்துக்குத் தெற்கே ஓர் ஊராட்சியில் 1996இலும் 2011இலும் மக்கள் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2025 ஜனவரியில் எங்கள் பக்கத்துத் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல் பலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (வெள்ளகோவில்): அடுத்த தேர்தலில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். “நீ கையெழுத்து மட்டும் போடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார் கணவர். நிற்கலாமா ஐயா?

பதில்: நில்லுங்கள் அம்மா. ஆனால் அந்தப் பேச்சை வேட்புமனுவுக்கு முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தியது அவர் பார்த்துக்கொள்வதற்காக அல்ல. தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை பதவியேற்ற மூன்றாம் மாதம் கூட்டம் முடிய இருட்டிவிட்டது. கடைசித் தீர்மானத்துக்கும் எங்கள் கையெழுத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை வெள்ளைத் தாள். நான் அதைக் கவனிக்காமல் எழுந்துவிட்டேன். தணிக்கையின்போது பார்த்தால் அந்த இடத்தில் ஒரு தீர்மானம் இருந்தது, நாங்கள் பேசவே பேசாத குழாய்க் கொள்முதல். அதே நீல மை. எழுத்து மட்டும் நெருக்கி நெருக்கி இருந்தது. இடம் போதாமல் கடைசி வரி என் கையெழுத்தின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது பொய் என்று காட்ட ஒன்றரை ஆண்டு அலைந்தேன். அன்றிலிருந்து கடைசி வரியின் கீழ் குறுக்குக் கோடு போடாமல் பேனாவை மூடியதில்லை.

அப்போது காசோலை, தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பல கணக்குகளில் பணம் இணையவழியில் போகிறது. டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் செயலரிடமும் கொடுக்காதீர்கள், கணவரிடமும் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

கேள்வி (தாராபுரம்): பட்டாவில் அப்பாவின் பெயர் தவறாக இருக்கிறது. தலைவரால் மாற்ற முடியுமா?

பதில்: முடியாது தம்பி. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் வருவாய்த்துறை. கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள், பிறகு வட்டாட்சியர் அலுவலகம்.

கேள்வி (சென்னிமலை): குடிநீரில் ஒரு நாள் மருந்து வாடை தூக்குகிறது, மறுநாள் ஒன்றுமே இல்லை. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. பிளீச்சிங் பவுடரைக் கண் அளவில் அள்ளிப் போடுகிறார்கள். எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், குளோரின் இருந்தால் சரி. நான் தலைவராக இருந்தபோது வாரம் ஒரு முறை தொட்டியின் ஏணியில் ஏறிப் பார்ப்பேன். கீழே நின்று கேட்டால் “சுத்தம் செய்துவிட்டோம்” என்றுதான் பதில் வரும். மேலே ஏறினால் பாசி தெரியும்.

கேள்வி (மூலனூர்): எங்கள் தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் என் அப்பா காலத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே போகும். பக்கத்துத் தோட்டத்தார் கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கம்பி வேலியை நகர்த்திப் போட்டார். இப்போது மோட்டார் சைக்கிள்தான் போகிறது. என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: இரண்டு பக்கமும் உயிர்வேலி நிற்க நடுவே ஓடும் பாதைதான் இட்டேரி. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும், எந்த நிலம் எந்த வகை என்று எழுதியிருக்கும் ‘அ’ பதிவேடும் பாருங்கள். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் எஃப் லைன் அளவுக்கு, அதாவது புல எல்லையை அளந்து காட்டுவதற்கு, கட்டணம் கட்டுங்கள். சர்வேயர் வந்து கல் காட்டுவார். ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த்துறை அகற்றலாம். கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள். கீழே இடம் விடாமல்.

கேள்வி (குண்டடம்): நீங்கள் ஒருதலையாகப் பேசுகிறீர்கள். பல இட்டேரிகள் சர்க்கார் வரைபடத்திலேயே இல்லை. என் தாத்தா பட்டா நிலத்தில் பெரிய மனதோடு விட்ட வழி அது. நான் வேலி போட்டால் யாருக்கு என்ன?

பதில்: உங்கள் பேச்சில் பாதி உண்மை. பட்டா நிலத்துக்குள் போகும் தடமும் உண்டு. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் கணக்கெடுப்பில் பாதைகள் தவறிப்போனதும் உண்டு. ஆனால் இருபது ஆண்டு தடையில்லாமல் உரிமையோடு நடந்த வழிக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதைச் சிவில் நீதிமன்றம் முடிவு செய்யட்டும். கம்பியால் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி (ஊத்துக்குளிப் பக்கம், ஒரு காலனி): குண்டடத்து அண்ணன் “யாருக்கு என்ன” என்கிறார். எங்கள் சுடுகாட்டுக்கு இட்டேரிதான் வழி. கம்பி வந்தபின் போன ஐப்பசியில் பெரியம்மாவின் பாடையை வாய்க்கால் வரப்பில் தூக்கிப்போனோம். நான்கு பேர் ஒன்றாக நிற்க இடமில்லை. இரண்டு பேர் சேற்றில் இறங்கித்தான் தோள் கொடுத்தார்கள்.

பதில்: தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. ஆதிதிராவிடர் நல வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தனித்தனியாக மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். குண்டடத்தாருக்கு ஒரு சொல்: உங்கள் தாத்தா வழி விட்டபோது யார் நடக்கலாம் என்று பட்டியல் எழுதிவைக்கவில்லை.

கேள்வி (குண்டடம்): சுடுகாட்டு வழியை நான் மறிக்கவில்லை. ஆடு மேய்ப்பவர்கள் என் கொறங்காட்டுக்குள், அதாவது மேய்ச்சல் நிலத்துக்குள், புகுந்து கொழுக்கட்டைப் புல்லை அழிக்கிறார்கள் என்பதுதான் என் வழக்கு.

பதில்: அப்படியென்றால் கொறங்காட்டுக்கு வேலி போடுங்கள், தடத்துக்குப் போடாதீர்கள். கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) நட்டால் ஆடும் நுழையாது, பாதையும் குறுகாது. இந்த ஒன்றை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கேள்வி (பல்லடம்): வீட்டுப் பட்டா பெயர் மாற்ற வேண்டும்.

பதில்: கிராம நிர்வாக அலுவலர். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (பெருந்துறை): குழந்தை வீட்டிலேயே பிறந்துவிட்டது. பதிவு யாரிடம்?

பதில்: கிராம ஊராட்சியில் அதுவும் கிராம நிர்வாக அலுவலர்தான். 21 நாளுக்குள் போங்கள்.

கேள்வி (அவிநாசி): அத்திக்கடவுத் தண்ணீர் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டது. எங்கள் குட்டைக்கு வரவில்லை. தலைவர் இல்லாததால்தானா?

பதில்: அதனால் மட்டுமல்ல. 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்கானது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரிநீர் 1.5 டிஎம்சியை எடுத்துத்தான் நிரப்புகிறார்கள். உங்கள் குட்டை பட்டியலில் இருக்கிறதா என்று நீர்வளத்துறையில் எழுதிக் கேளுங்கள். இருந்தும் வரவில்லை என்றால் குழாயும் வால்வும் பழுதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): வரியை வைத்துக்கொண்டு ஓர் ஊராட்சி பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

பதில்: உங்கள் பக்கத்திலேயே ஓடந்துறை இருக்கிறதே! கடன் வாங்கி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவிய ஊராட்சி அது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஒரு முறை போய் அதன் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (கொடுமுடி): பட்டாவுக்குத் தலைவர் சான்று…

பதில்: வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர்.

கேள்வி (மூலனூர்): அண்ணா, எஃப் லைன் அளவுக்குப் பணம் கட்டிவிட்டேன். சர்வேயர் வரும்போது பக்கத்துத் தோட்டத்தார் சண்டைக்கு வருவார் என்று பயமாக இருக்கிறது.

பதில்: அவருக்கு நோட்டீஸ் போய்விட்டதா என்று முதலில் கேளுங்கள், அவரும் நிற்கும்போது அளந்தால்தான் நாளைக்குப் பேச்சு வராது. தேதி தெரிந்ததும் சொல்லுங்கள். காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். நீங்கள் இருவரும் ஆளுக்கொரு முனையில் சங்கிலியைப் பிடியுங்கள், நான் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.