தொட்டிப்பாலத்துல வள்ளம் போகுமா?

கேள்வி: ஜூன்ல ஸ்வீடன்ல மக வீட்டுக்கு போறோம், கோத்தென்பர்க்ல இருக்கா. ஒருநாள் சும்மா சுத்திப் பாத்துட்டு வள்ளத்துல துடுப்பும் போடணும்னு ஆசை, எங்க போலாம்?
- ஒரு வாசகி, குழித்துறை

பதில்: டால்ஸ்லாண்ட் போங்கக்கா, கார்ல ரெண்டு மணி நேரம்தான். அங்க ஹோவெருத்னு ஒரு சின்ன ஊரு, நம்ம மாத்தூர் தொட்டிப்பாலம் மாதிரியே ஆத்துக்கு மேல ஒரு தொட்டி, ஆனா இரும்புத் தொட்டி, 1868ல திறந்தது, அதுல தண்ணி மட்டும் இல்ல போட்டே போகும்! கீழ தண்ணி நுரைச்சுக்கிட்டு ஓடும், தலைக்கு மேல ரயில் பாலம், ரோட்டுப் பாலம், பக்கத்துல போய் பாத்தா தகட்ட சேர்த்து அடிச்ச ரிவெட்டு வரிசை வரிசையா தெரியும், மொத்தம் 33,000னு சொல்றாங்க. நானா இருந்தா ஒரு காபிய வச்சுக்கிட்டு காலைப்பொழுத அங்கயே ஓட்டிருவேன்.

அப்புறமா கனூ, அதாவது துடுப்பு போடுற சின்ன வள்ளம், வாடகைக்கு எடுத்து ஏரிப்பக்கம் போங்க. லைஃப் ஜாக்கெட் கட்டாயம், தண்ணி ஜூன்லயும் சில்லுன்னு இருக்கும், நம்ம குழித்துறை ஆத்துல குளிச்ச தைரியம் அங்க வேண்டாம். வழியில லாக் கதவு, அதாவது தண்ணிய ஏத்தி இறக்கி போட்ட மேல கீழ கொண்டு போற கதவு, வந்தா கனூவ கரையேத்தி தூக்கிட்டுதான் போகணும், அதுக்குத்தான் மருமகன் இருக்காரே. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரப்படாதீங்க. கொசு மருந்து மட்டும் மறந்துராதீங்க, அங்கயும் கொசு உண்டு.